ஏனுங்க என்று கேட்ட பெட்டி

கண்ணு,

நேற்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் உன் பெட்டி என்னிடம் பேசியது. காப்பி உலர்த்தும் கொட்டகைச் சுவரில் நீ மாட்டிவிட்டுப் போயிருக்கிறாயே, அந்தச் சாம்பல் நிறப் பெட்டிதான். உன்னைக் கூப்பிடாமல், உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நானே அதைப் பேச வைத்தேன். உங்கப்பா சாட்சி. பெருமை அடித்துக்கொள்ளத்தான் எழுதுகிறேன் என்று நீ சிரிப்பாய், ஆமாம், அதற்கும்தான். ஆனால் அதற்கு மேல் இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று, நாளை வெள்ளிக்கிழமை அந்த ஜெர்மனி கம்பெனிக்கு நீ எழுதப் போகும் பதில். இன்னொன்று, நான் செய்த ஒரு திருட்டுத்தனம். தபாலில் போட்டால் உன் கைக்கு வருவதற்குள் வெள்ளி, சனி எல்லாம் தாண்டிவிடும் என்று லேப்டாப்பிலேயே தட்டி அனுப்புகிறேன். அவசரமாகப் படித்துவிட்டு மூடாதே. பெங்களூர் டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் நிற்பவனுக்கு அம்மா கடிதம் படிக்க அரை மணி நேரம் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நித்யா போன் செய்தாள். தை பிறந்து கல்யாணம் முடிந்தால் இந்த வீட்டு மருமகள், ஆனால் இப்போதே தினம் ஒரு போன் போட்டுவிடுகிறாள். அன்று குரலில் மட்டும் கலகலப்பு இல்லை. “அத்தை, நான் சொன்னேன்னு அவருகிட்டச் சொல்லிராதீங்க. அந்த வேலை வேண்டாம்னு எழுதப் போறாருங்க. ஏன்னு கேட்டா, அம்மா அப்பா மலைமேல தனியா இருக்கறாங்க, அந்த ஷெட்டு நின்னுபோச்சுன்னா யாரு பாப்பாங்கங்கறாரு” என்றாள். “உனக்குப் போக ஆசையா சாமி?” என்று கேட்டேன். “நொம்ப ஆசைங்க அத்தை. அவருக்கு என்னைய விட ஆசைங்க. வேண்டாம்னு சொல்லிக்கிட்டே அந்த ஊருப் படத்தைத்தான் பாத்துக்கிட்டு இருக்கறாரு” என்றாள். சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். இரண்டாவது பத்தியிலேயே மீறிவிட்டேன், அவளைத் திட்டாதே. செயற்கைக் கை செய்கிற இடம் அது என்று எனக்குத் தெரியும். விரல் இல்லாதவர்கள் டம்ளரைப் பிடிக்கிற வீடியோவை நீ எனக்கு எத்தனை முறை காட்டியிருக்கிறாய். மூன்று வருஷமாக முட்டி மோதிக் கிடைத்த வேலையை, இரண்டு ஃபேனும் ஒரு பெட்டியும் இருக்கிற கொட்டகைக்காக விட்டுவிடுவாயாம். நன்றாக இருக்கிறது உன் நியாயம்.

மறுநாள் திங்கட்கிழமை. வேண்டுமென்றே செய்ததுபோல் காலையில் கொட்டகைக் கதவைத் திறந்தால் ஃபேன் இரண்டும் நிற்கின்றன, பெட்டியில் சிவப்பு விளக்கு. உள்ளே தொலி உரித்துக் கழுவிய காப்பிக்கொட்டை தட்டுத் தட்டாகப் பரப்பியிருக்கிறது. நம்முடையது பாதி, கரடியூர் பொன்னுசாமி அண்ணனுடையது பாதி. வெளியில் மார்கழி மூடுபனி, கொட்டகைக்குப் பத்தடி தள்ளியிருக்கிற பலா மரம் தெரியவில்லை. ஃபேனை நேராகப் போட்டுவிடலாமே என்று அண்ணன் சொன்னார். போட்டால் அந்தப் பனியையே உள்ளே இழுத்துக் கொட்டும். உள்ளே எவ்வளவு ஈரம், வெளியே எவ்வளவு ஈரம் என்று இரண்டு சென்சாரை வைத்துப் பார்த்து, வெளிக்காற்று காய்ந்திருக்கும் நேரம் மட்டும் ஃபேனை ஓட்டத்தானே நீ அந்தப் பெட்டியைச் செய்தாய். மூன்று நாள் தாண்டினால் பூஞ்சை வாடை வந்துவிடும், அப்புறம் அந்தக் காப்பியை யாரும் வாயில் வைக்க முடியாது.

உங்கப்பா உடனே சட்டைப் பையைத் தடவினார். “போனைப் போடு புள்ள. பையன் குப்பனூர் வழி பஸ்ஸைப் புடிச்சான்னா நாளைக்கு மத்தியானம் ஊட்டுல இருப்பான்.” நான் போனைப் பிடுங்கிச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டேன். “ஏனுங்க, இப்ப அவனைக் கூப்பிட்டமுன்னா வெள்ளிக்கிழமை அவன் என்ன எழுதுவான்னு நெனைக்கறீங்க?” என்றேன். அவர் கொட்டை கிளறும் வாரியைக் கையில் எடுத்துக்கொண்டார். “சரி, நான் கொட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டே இருக்கறேன். நீ அந்தப் பொட்டியைப் பாரு. ரெண்டுல ஒன்னு ஆவட்டும்.” அந்த மூன்று நாளும் அவரும் அண்ணனும் மணிக்கு ஒரு தரம் தட்டு தட்டாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். கல்யாணத்துக்கு உன் அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் காரணம் தெரிந்துகொள்.

உன் அறையில் பிஸ்கட் டின்னுக்குள் அந்தச் சிவப்புப் பலகை கிடந்தது. தீப்பெட்டி அளவு, ஒரு பக்கம் யுஎஸ்பி வாய், மறுபக்கம் வால் வாலாகப் பத்து வயர். நீ வரும்போதெல்லாம் அதை லேப்டாப்பில் செருகி, வயர்களைப் பெட்டிக்குள் மாட்டி, கறுப்புத் திரையில் என்னவோ தட்டி, ‘ம்’ என்பாய். அந்த ‘ம்’ வந்தால் பெட்டி குணமாகப் போகிறது என்று அர்த்தம். பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் நின்று பேச்சுக் கொடுக்கிற கருவி என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். டின்னுக்குள் உன் கையெழுத்தில் நான்காக மடித்த ஒரு தாளும் இருந்தது. எந்த நிற வயர் எதற்கு, கறுப்பை முதலில் மாட்டு, ஃபேனுக்குப் போகும் பெரிய கரண்டை அணைக்காமல் மூடியைத் திறக்காதே, லேப்டாப்பில் தட்ட வேண்டியது இது என்று உனக்காகவே எழுதி வைத்திருந்தாய். எழுதி வைக்கும் பழக்கம் என்னிடமிருந்து வந்தது, ஒப்புக்கொள். நீ லினக்ஸ் போட்டுக் கொடுத்த அந்தப் பழைய லேப்டாப்பில் இத்தனை நாள் நான் பாட்டுக் கேட்டதும் சீரியல் பார்த்ததும் தவிர ஒன்றும் செய்ததில்லை. 

தாளில் இருந்ததை அப்படியே தட்டினேன். எஸ்டேட் ஆபீசில் இருபது வருஷம் டைப்பிஸ்ட், எனக்கா தட்டத் தெரியாது? அந்தத் திரை, கருவியோடு பேச நான் கொடுத்த வேகம் செல்லாது என்றது. மறுபடி தட்டினேன், செல்லாது. நான்கு முறை, ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தட்டினேன். திரையில் இருப்பதும் தாளில் இருப்பதும் ஒன்றேதான், ஆனால் செல்லாது. மத்தியானம் உங்கப்பா மோர் குடிக்க வந்தார். “நான் படிக்கறேன், நீ தட்டு” என்று தாளை வாங்கி, “ஒன்னு, ஒன்னு, அஞ்சு, ரெண்டு, சைபர், சைபர்” என்று ஏலம் விடுகிற மாதிரி படித்தார். படித்துவிட்டு என் கையையே பார்த்தார். “ஏம்புள்ள, ஒன்னுன்னு சொன்னா உன்ற வெரலு கீழ போவுது? ஒன்னு மேல வரிசையில இருக்குது பாரு.”

என் விரல் ‘எல்’ எழுத்தின் மேல் இருந்தது. கண்ணு, எஸ்டேட் ஆபீசின் பழைய டைப்ரைட்டரில் ஒன்று என்ற எண்ணுக்குக் கட்டையே கிடையாது. சின்ன எல்லைத் தட்ட வேண்டும், தாளில் ஒன்று போலவே விழும். இருபது வருஷம் தட்டிய விரல், கம்ப்யூட்டரைப் பார்த்தாலும் ஒன்று என்றதும் தானாக எல்லுக்குத்தான் போகிறது. லேப்டாப் பாவம், எல் எல் ஐயாயிரத்து இருநூறு என்று ஒரு வேகம் உலகத்தில் எங்கே என்று தேடியிருக்கிறது. உங்கப்பாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அவர் வாழ்க்கையில் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை, ஆனால் கம்ப்யூட்டர் தப்பைக் கண்டுபிடித்துவிட்டார். கொட்டகை வரைக்கும் போய்ப் பொன்னுசாமி அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்தார்.

எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் என் வேலை முடிந்தது, அந்தப் பழைய மெஷினை எனக்கே கொடுத்துவிட்டார்கள், நினைவிருக்கிறதா? உனக்கு அப்போது எட்டு வயது. “ஏனுங்கம்மா, இதுல ஒன்னு எங்கீங்கம்மா?” என்று கேட்டாய். “எல்லைத் தட்டு, அதுதான் ஒன்னு” என்றேன். உனக்கு ஒப்பவில்லை. “அது எல்லுங்கம்மா” என்றாய். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் மெஷின் குடலெல்லாம் வெளியே கிடக்கிறது. ஒன்று எங்கேயோ உள்ளே விழுந்து கிடக்கிறது என்று தேடியிருக்கிறாய். ஸ்கேலால் அடித்தேன், மெஷினைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன், நீ கேட்ட கேள்வியைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கு நீ சொன்னதுதான் சரி. எல் வேறு, ஒன்று வேறு. திங்கட்கிழமை மத்தியானம் ஒரு மெஷின் நான்கு முறை சொல்லித்தான் எனக்கு அது புரிந்தது. அந்த அடிக்கு இன்று மன்னிப்புக் கேட்கிறேன். உனக்குப் பிள்ளை பிறந்து எதையாவது பிரித்துப் போட்டால், முதலில் எதைத் தேடுகிறான் என்று கேள். அடிப்பது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அதற்குள் கோபம் போய்விடும்.

ஒன்றைச் சரியாகத் தட்டியதும் திரை அடுத்த தடையைக் காட்டியது. பெர்மிஷன் டினைட். எத்தனை பேருடைய லீவு லெட்டருக்கு இந்தப் பதிலை என் கையாலேயே தட்டிக் கொடுத்திருக்கிறேன்! முதன்முதலாக எனக்கே வந்தது. அந்த வரியை அப்படியே இண்டர்நெட்டில் போட்டுத் தேடினேன். இந்த மாதிரிக் கருவியைத் தொட லினக்ஸ் எல்லாரையும் விடாதாம். டயலவுட் என்று ஒரு குழு இருக்கிறதாம், அதில் என் பெயரைச் சேர்க்க வேண்டுமாம். சேர்க்கிற கட்டளையைச் செவ்வாய்க்கிழமை காலையில் தட்டினேன். பாஸ்வேர்ட் கேட்டது, கொடுத்தேன். ஆச்சு என்றும் சொல்லவில்லை, ஆகவில்லை என்றும் சொல்லவில்லை. திறந்து பார்த்தால் அதே பெர்மிஷன் டினைட். சேர்த்துக்கொண்டாயா இல்லையா என்று அதனிடம் வாய்விட்டே கேட்டேன். அந்த நேரம் பார்த்து பஸ் ரோட்டில் ஒரு சில்வர் ஓக் மரம் லைன் மேல் சாய்ந்து கரண்ட் போயிற்று. அந்த லேப்டாப் பேட்டரி உனக்குத் தெரியும், பத்து நிமிஷம் தாங்காது. அணைந்துவிட்டது.

உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. அழவில்லை, இட்லிக்கு மாவு ஆட்ட முடியாதே என்று கோதுமை மாவு பிசைந்தேன். பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் வந்தது. லேப்டாப்பைப் போட்டு, போனால் போகிறது என்று இன்னொரு முறை தட்டினேன். திறந்துகொண்டது! குழுவில் சேர்ந்த பிறகு ஒருமுறை வெளியே போய் மறுபடி உள்ளே வந்தால்தான் செல்லுபடியாகும் என்று அப்புறம் படித்தேன். நான் அதன்மேல் தப்பு சொன்னேன், அது என்னை எப்போதோ சேர்த்துக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியில் முதல் மாசம் யாரும் உங்களோடு பேசவில்லை என்று நித்யா வருத்தப்பட்டால் இதைச் சொல். வெளியே போய் உள்ளே வாங்கள், கதவு திறந்திருக்கும்.

புதன்கிழமை காலையில் கொட்டகையிலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு லேப்டாப்பை வைத்தேன். பெரிய கரண்டை அணைத்தேன். பெட்டியின் பலகைக்கு மட்டும் அந்தச் சின்ன அடாப்டர் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பு வயர் முதலில். அப்புறம் பேசுகிற வயர் ஒன்று, கேட்கிற வயர் ஒன்று. கருவியில் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் என்று இரண்டு, பெட்டியிலும் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் என்று இரண்டு. ஒரே பெயருக்கு ஒரே பெயர் என்று மாட்டினேன். திரையில் ஒன்றும் வரவில்லை. கால் மணி நேரம் எண்டர் கட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தேன். பிறகுதான் உன் தாளின் மூலையில் இரண்டு கோடு பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போவதைக் கவனித்தேன். நான் வாயோடு வாயையும் காதோடு காதையும் இணைத்து வைத்திருக்கிறேன்! இது பேசுவது அதன் காதுக்குப் போக வேண்டும், அது பேசுவது இதன் காதுக்கு வர வேண்டும். மாற்றி மாட்டினேன். இதைக் கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். உங்கப்பாவும் நானும் முதல் அஞ்சு வருஷம் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தோம், ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லாம் சரியாகத்தான் மாட்டியிருக்கிறது என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருந்தோம்.

மாற்றி மாட்டியதும் திரையில் என்னவோ கொட்டியது. சதுரம், கேள்விக்குறி, கொக்கி, ஒன்றும் படிக்க முடியவில்லை. பேசுகிறது, ஆனால் உளறுகிறது. வேகம் பொருந்தவில்லை என்று இண்டர்நெட் சொன்னது. லேப்டாப்பும் கருவியும் பேசுகிற வேகம் வேறு, கருவியும் பெட்டியும் பேசுகிற வேகம் வேறாம். நான் இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்திருந்தேன். பெட்டியின் வேகம் தாளில் இல்லை. “ஏனுங்க, எங்காவது நாலு நம்பரு எழுதி வெச்சிருக்கறானான்னு பாருங்க” என்றேன். உங்கப்பா வாரியைச் சாய்த்து வைத்துவிட்டுப் பெட்டி மூடியைத் திருப்பினார். உள்பக்கம் மார்க்கரில் ஒன்பதாயிரத்து அறுநூறு என்று எழுதியிருந்தது. “இதா? இது அவன் கூட்டாளி பைக் நம்பரில்ல?” என்றார். இரண்டு வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாராம்! அந்தப் பைக் நம்பரைக் கொடுத்தேன். எண்டர் தட்டினேன்.

ஏனுங்க?

திரையில் அது மட்டும்தான் வந்தது. இங்கிலீஷ் எழுத்தில், நம் ஊர் வார்த்தை. அடுத்த கட்டளை சொல்லுங்கள் என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘ஏனுங்க?’ என்று கேட்கும்படி நீ அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. என் மகன் பெங்களூரில் உட்கார்ந்து ஒரு மெஷினுக்கு மரியாதை கற்றுக் கொடுத்திருக்கிறான்! உங்கப்பாவைக் கூப்பிட்டேன், அவர் அண்ணனைக் கூப்பிட்டார், மூன்று பேரும் திரையைச் சுற்றி நின்றோம். அண்ணன், “என்னங்க, பொட்டி நம்மளையவே ஏனுங்கங்குது?” என்றார். உங்கப்பா திரையைப் பார்த்து, “ஒன்னுமில்ல சாமி, உனக்கு என்ன ஆச்சுன்னு கேக்கலாமுன்னு வந்தோம்” என்று பதிலே சொல்லிவிட்டார்.

உன் தாளில் இருந்தபடி, நடந்ததையெல்லாம் பெட்டி பதிந்து வைக்கிற குறிப்பேட்டைக் கேட்டேன். வரிசையாக வந்தது. கடைசி வரியில், ‘வெளி ஈரம்: பதில் இல்லை.’ வெளியே சுவரில் தொங்குகிற சென்சார். அதன் இணைப்பைக் கழற்றிப் பார்த்தால் ஊசி நான்கிலும் பச்சைக் களிம்பு, பனியில் ஊறியிருக்கிறது. உங்கப்பா இன்சுலின் போட வைத்திருக்கிற ஸ்பிரிட்டைப் பழைய டூத் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்தேன், ஊதினேன், காயவிட்டு மாட்டினேன். பெட்டி, ‘வெளி ஈரம்: சரி’ என்றது. பெரிய கரண்டைப் போட்டோம். இரண்டு மணி சுமாருக்குப் பனி விலகி வெயில் எட்டிப் பார்த்ததும் ஃபேன் இரண்டும் தானாகச் சுற்றத் தொடங்கின. பொன்னுசாமி அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “உங்க ஊட்டுல ரெண்டு இஞ்சினியருங்க” என்றார். கொட்டையில் வாடை இல்லை, தப்பித்துவிட்டது. இந்தச் சந்தோஷத்தை நான் முப்பது வருஷமாகப் பார்க்கவில்லை.

கடிதம் இங்கே முடிந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் திருட்டுத்தனத்தைச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேனே. பெட்டி வந்ததிலிருந்து நீ அதற்காக மூன்று தடவை பஸ் ஏறி வந்தாய். முதல் தடவை நிஜமாகவே எலி வயரைக் கடித்திருந்தது. அடுத்த இரண்டு தடவை எலியும் இல்லை ஒன்றும் இல்லை. மூடியைத் திறந்து ஒரு வயரை நான்தான் உருவிவிட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. போன் செய்து, “பொட்டி நின்னுபோச்சு கண்ணு” என்றேன். நீ வந்தாய், இரண்டு நாள் இருந்தாய், நான் சமைத்ததைச் சாப்பிட்டாய், போய்விட்டாய். ஏன் செய்தேன் என்று கேட்காதே. நீ வந்து நான்கு மாசம் ஆகியிருந்தது. வேலைக்குப் போகிற பிள்ளையைக் காரணம் இல்லாமல் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. நம் வீட்டில் யார் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள்? உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னால் நீ பயந்துவிடுவாய். மெஷின் சரியில்லை என்றால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேன். அந்தப் பொய்தான் நாளைக்கு ஒரு வேலையையே உன் கையிலிருந்து பிடுங்கப் போகிறது என்று நித்யா போன் செய்கிற வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

நேற்று ஃபேன் ஓடிய பிறகு, ஆசைக்கு, குறிப்பேட்டை மேலே தள்ளிப் பார்த்தேன். போன வருஷம் மிளகு காய்கிற சமயத்து நாளில் மூன்று வரி. ‘மூடி திறந்தது. உள் ஈரம்: பதில் இல்லை. மூடி மூடியது.’ மூன்றும் இரண்டு நிமிஷத்துக்குள். மூடியில் நீ ஒரு சின்ன சுவிட்ச் வைத்திருக்கிறாய், நான் திறந்ததும் மூடியதும் மணியோடு பதிந்திருக்கிறது. மூடியைத் திறந்து வயரை உருவி மூடிவிட்டுப் போகிற எலி எந்த ஊரில் இருக்கிறது? நீ வந்து லேப்டாப்பைப் போட்டு ‘ம்’ என்றபோதே இதைப் படித்திருக்கிறாய். படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, “எலிதானுங்கம்மா” என்றாய். அதற்குக் கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் காரணம் எழுதுகிற வரி இருந்தது. முதல் தடவைக்கு, ‘காரணம்: எலி.’ இரண்டாம் தடவைக்கு, ‘காரணம்: அம்மா. எலின்னு சொல்லியாச்சு.’ மூன்றாம் தடவைக்கு, ‘காரணம்: அம்மா. இன்னும் சீக்கிரமே வந்திருக்கணும்.’

கண்ணு, அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கம் பாதி, மீதி சந்தோஷம். இது என்னால் தாங்க முடிகிற சந்தோஷமாக இல்லை. உங்கப்பா ஓடி வந்து, “மறுக்காவும் நின்னுபோச்சா?” என்றார். திரையைக் காட்டினேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். “அப்ப எலி?” என்றார். “எலி நாந்தானுங்க” என்றேன். மூன்று மாசம் கொட்டகையில் எலிப்பொறி வைத்தவர் அவர். “தெனமும் தேங்கா பத்தை வெச்சனே புள்ள, ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார், சாக்கின் மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவன் தெரிஞ்சேதான் வந்திருக்கறான்” என்றார். 

பெட்டி என்னிடமும் காரணம் கேட்டது. ‘பனி. சரி செய்தது அம்மா’ என்று தட்டியிருக்கிறேன். ஒன்றை ஒன்றாகவே தட்டத் தெரிந்த அம்மா. ஆகவே நாளைக்கு அவர்களுக்குச் சரி என்று எழுது. எங்களைச் சாக்காக வைக்காதே, அந்தச் சாக்கு நேற்றோடு தீர்ந்துவிட்டது. அந்தச் சிவப்புப் பலகையை மட்டும் ஜெர்மனிக்குக் கட்டும் சாமானோடு எடுத்துப் போய்விடாதே, அது எனக்கு வேண்டும். சென்சார் ஊசிக்கு என்ன பூசினால் களிம்பு பிடிக்காது என்று ஒரு வரி எழுதி அனுப்பு, மீதியை நான் பார்த்துக்கொள்வேன். இங்கே நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம், கரடியூரிலிருந்து ஒருத்தர் கூப்பிடாமலே வருகிறார், நன்றாக இருக்கிறோம். உன்னை நினைத்து ஏக்கம் வராது என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். வரும். வந்தால் இனி வயரைத் தொட மாட்டேன். போனை எடுத்து, உன்னைப் பார்க்கணும் போல இருக்குது கண்ணு என்று நேராகச் சொல்லிவிடுவேன். அறுபது வயதில் இப்போதுதான் எனக்கு அந்த வாய் வந்திருக்கிறது.

நீ போய் வேலையைப் பார், நித்யாவோடு சந்தோஷமாக இரு. லீவு கிடைக்கும்போது, இங்கே ஃபேன் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு நல்ல நாளாகப் பார்த்து, சும்மா வா.

அம்மா